அந்தம்மா ரொம்ப நைஸ்

ஜூன் 9

என் அன்புச் சிராய்க்கு,

அம்மா எழுதுவது. நீ போய்ச் சேர்ந்ததும் மரப் பட்டறைக்கு ஃபோன் செய்தாயே, அப்போது நான் சரியாகப் பேசவில்லை என்று வருத்தப்படாதே. முதலாளி ஏதோ சீட்டைத் தேடுவது போல மேசைப் பக்கமே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே "உன் அப்பா வீட்டில் என்ன சொன்னார்கள்" என்று எப்படிக் கேட்பது? அதனால்தான் "சரி, சரி, வை" என்றேன். இனிமேல் கடிதமே எழுது.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அந்தக் கடிகாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது எனக்குப் பெருமைதான். ஆயிரம் பேர் எழுதும் புகார்க் கடிதங்களுக்கு என் மகள் இங்கிலீஷில் பதில் போடுகிறாள் என்று பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பெண்கள் விடுதியில் இடம் இல்லை, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்களே, அதுதான் என் கெட்ட நேரம். அந்தப் பெரிய ஊரில் உனக்குத் தெரிந்த ஒரே விலாசம் அவருடையதாக இருந்துவிட்டது.

பதினாலு வருஷமாக ஒரு வரி எழுதாத மனிதர், நீ கேட்டதும் எட்டே நாளில் "தாராளமாக வரலாம்" என்று பதில் போட்டார். அந்தக் கையெழுத்து உன் அப்பாவுடையது இல்லை. அவர் 'ர'வுக்கு வால் போடவே மாட்டார். அவரோடு இருக்கிற அவள்தான் எழுதியிருக்கிறாள். எழுதட்டும். நீ அங்கே விருந்தாளி என்பதை மட்டும் மறந்துவிடாதே. இரண்டு மாதம். ஒரு நாள் கூடக் கூடாது.

உன் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா

ஜூன் 17

அன்புள்ள அம்மா,

நீ கவலைப்படுகிற மாதிரி இங்கே ஒன்றும் இல்லை. கீழே சலவைக்கடை, மேலே வீடு. கடையை நடத்துவது அந்த அம்மாதான். எனக்குக் கொடுத்த அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் இஸ்திரி ஆவி வாசனை ஏறி வரும். அலமாரியில் எனக்காக இரண்டு தட்டைக் காலி செய்து, புதுக் காகிதம் விரித்து வைத்திருந்தார்கள்.

அந்த அம்மா ரொம்ப நைஸ். நான் வந்த அன்று என்னைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல், "துவைக்கிற துணி இருக்கா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சும் நைஸ். காலையில் நான் கிளம்பும்போது சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்துவிடுகிறார்கள். வேண்டாம் என்றால், "பெட்டி சூடாத்தான் இருக்கு, அதோட போகட்டும்" என்கிறார்கள். அக்கம்பக்கமும் நைஸாகத்தான் இருக்கிறது. ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம்.

அப்பா ஊரில் இல்லை. வேலை விஷயமாக வெளியூர். வந்ததும் எழுதுகிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. பாலிஷ் போடும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

உன் அன்பு மகள்,
சிராய்

ஜூன் 24

என் அன்புச் சிராய்க்கு,

உன் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கத்தில் மூன்று நைஸ். எண்ணினேன். வேலை இல்லாமல் எண்ணவில்லை, கண்ணில் குத்தியதால் எண்ணினேன்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இந்த ஒரு சொல்லை நான் தினமும் கையில் வைத்துத் தேய்க்கிறேன். பட்டறையில் முதலில் கரடு உப்புத்தாள், பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ். நைஸ் தாள் போட்டுத் தேய்த்த பலகையில் விரலை வைத்தால் வழுக்கும். கீழே இருக்கிற ஓட்டை, வெடிப்பு, பட்டி போட்டு அடைத்த இடம் ஒன்றும் தெரியாது. வாங்க வருகிறவர் தடவிப் பார்த்து மயங்கிப்போவார். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அப்புறம் இன்னொரு நைஸ் இருக்கிறது. நைஸாகப் பேசுவது. நைஸாகக் காரியம் சாதிப்பது. நைஸாக ஒருத்தி வீட்டிலிருந்து ஒரு மனிதரைக் கிளப்பிக்கொண்டு போவது. உன் அப்பா வார்னிஷ் கம்பெனி பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போனார். ஒரு தடவை போனவர் திரும்பவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவ்வளவு நைஸாக நடந்தது. ஆகவே அவள் நைஸ் என்று நீ எழுதினால் நான் மறுக்க மாட்டேன்.

இஸ்திரி போட்டுத் தருகிறாளா? நானும் போடுவேன். எட்டு மணிக்குப் பட்டறையில் இருக்க வேண்டியவள் என்பதால் நீயே போட்டுக்கொண்டாய்.

ஒன்று மட்டும் பிடித்திருந்தது. என்னை 'நீ' என்று எழுதுகிறாய், அவளை 'அவர்கள்' என்று எழுதுகிறாய். அது அப்படியே இருக்கட்டும்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நீயாக எழுதினால் படிப்பேன்.

உன் அம்மா

ஜூலை 5

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் படித்துக் கொஞ்சம் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். அந்தச் சொல் உனக்கு மட்டும் பகையில்லை. எங்கள் பிரிவுத் தலைவருக்கும் ஆகாது. அவரை நாங்கள் சிவப்பு மை என்று கூப்பிடுவோம். யாருக்காவது பதில் எழுதும்போது "உங்கள் நைஸான கடிதத்துக்கு நன்றி" என்று போட்டால் ஒரே கோடு. "அவன் கடிகாரம் ஓடலன்னு திட்டி எழுதியிருக்கான். அதுல என்னம்மா நைஸ் கண்ட? ஒண்ணும் சொல்லத் தோணலன்னா இந்த வார்த்தையைப் போட்டுடுவீங்க" என்று கத்துவார்.

ஆனால் நேற்று ஒன்று கவனித்தேன். இங்கிலீஷிலும் அதற்கு உன் பட்டறை அர்த்தம் இருக்கிறது. மிக நுணுக்கமான வித்தியாசத்தை அவர்கள் நைஸான வித்தியாசம் என்கிறார்கள். தலைமுடி அளவு வித்தியாசம், கை வைத்தால்தான் தெரியும். நீ சொன்னதும் இதுவும் ஒன்றுதானே? வேலையைக் கெடுத்து வைத்துவிட்டால், "நைஸ்!" என்று கிண்டலாகச் சொல்வதும் உண்டு. சிவப்பு மை அந்த அர்த்தத்தில் மட்டும் தாராளமாகச் சொல்வார்.

நீ கேட்காததற்கும் பதில் எழுதுகிறேன். ஆன்ட்டி உன்னைவிடக் குள்ளம். முன்னால் நிறைய நரை. இடதுகைப் பழக்கம். அழகா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்தால் நன்றாக இருக்கிறார்கள், அடிக்கடி சிரிப்பதில்லை.

உன்னைப் பற்றிக் கேட்டார்கள். "கண்ணை மூடிட்டுத் தடவியே எந்த மரம்னு உங்கம்மா சொல்லிடுவாங்களாமே, நிஜமா?" என்றார்கள். அப்பா சொல்லியிருக்கிறாராம்.

உன் அன்பு மகள்,
சிராய்

ஜூலை 14

என் அன்புச் சிராய்க்கு,

அந்த அம்மா, ஆன்ட்டி ஆகிவிட்டார்கள். நல்லது.

என் கையைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறாரா? என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. "உன் கை என்ன இப்படிச் சொரசொரன்னு இருக்கு" என்பதைத் தவிர வேறு எதுவும் இந்தக் கையைப் பற்றி நான் கேட்டதில்லை. எனக்குச் சேர வேண்டிய ஒரு நல்ல வார்த்தையைக்கூட அவளிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு நாற்காலிக் காலை ஒரு சுற்று அதிகமாகத் தேய்த்து, அது மற்ற மூன்றைவிட மெலிந்துவிட்டது. பக்கத்தில் தேய்க்கிற தடிக்கண்ணாடி பார்த்துவிட்டு, "என்னக்கா, யாரையாவது நினைச்சுக்கிட்டுத் தேய்ச்சியா?" என்கிறாள்.

குள்ளமா? நான் நெட்டையாக, நல்ல உயரமாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். பதினாலு வருஷமாக என் மனதில் ஒருத்தி நடமாடுகிறாள், சிராய். நெட்டை, நீள முடி, கையில் வேலை செய்த தடம் இல்லாதவள். அவளோடு சண்டை போட்டுப் போட்டுப் பழகிவிட்டது. நீ இப்போது வேறொருத்தியைக் காட்டுகிறாய். இவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவர் வந்துவிட்டாரா? உன்னைப் பார்த்து என்ன சொன்னார்? அதை ஏன் எழுதவே மாட்டேன் என்கிறாய்?

விடுதிக்கு இன்னும் மூன்று வாரம். காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன்.

உன் அம்மா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. எனக்குக் காய்ச்சல். பயப்படாதே, இப்போது முழுக்கச் சரியாகிவிட்டது. ஒன்பது நாள் ஆபீசுக்குப் போகவில்லை. உனக்கு எழுதினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் எழுதவில்லை. சித்தி கடையை மூடிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடை வாசலில் வாடிக்கைக்காரர்கள் துணிக்குச் சத்தம் போட, இவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, நாளைக்கு வாங்க" என்று விரட்டுவாள்.

விடுதியில் இன்னும் இடம் இல்லை என்கிறார்கள். அப்பா இன்னும் வெளியூரில்தான்.

ஆபீசுக்கு நேரமாகிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் மகள்,
சிராய்

செப்டம்பர் 2

சிராய்க்கு,

உன் உடம்பு தேறியது தெரிந்து நிம்மதி. அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றது.

விடுதிக் காப்பாளரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஜூலை 28-ஆம் தேதியே உனக்கு அறை ஒதுக்கினார்களாம். உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வதாக நீ எழுதிக் கொடுத்துவிட்டாயாம். அது பெற்றோருக்குத் தெரியுமா என்று விசாரித்திருக்கிறார். உறவினர்! தடிக்கண்ணாடியைப் படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அந்த வரிக்கு மேல் எழுத்துகள் ஓடின.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் பாயில் பரப்பினேன். ஜூனில் அந்த அம்மா. ஜூலையில் ஆன்ட்டி. ஆகஸ்டில் சித்தி. ஜூனில் 'இருந்தார்கள்', ஆகஸ்டில் 'இருந்தாள்'. உனக்கே தெரியாமல் எழுதியிருக்கிறாய், அதனால்தான் நம்புகிறேன். என்னைத் தவிர இன்னொருத்தியை நீ 'அவள்' என்று உரிமையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

காய்ச்சலில் நீ கிடக்கும்போது தலையில் கை வைக்க வேண்டிய கை இது. "பொண்ணுக்கு உடம்பு சரியில்ல" என்று தெருவுக்குச் சொல்ல வேண்டியவள் நான். எந்தப் பொண்ணு? யாருடைய பொண்ணு?

பொய்யை எவ்வளவு நைஸாகச் சொல்லக் கற்றுக்கொண்டாய். அந்த வீட்டில் அதற்குப் பயிற்சி கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரை எடுத்துக்கொண்டாள், பொறுத்துக்கொண்டேன். மனிதர் என்ன, கால் இருந்தால் போவார். உன்னையும் எடுத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு எழுத வேண்டாம்.

அம்மா

செப்டம்பர் 10

அம்மா,

நீ வேண்டாம் என்றாலும் எழுதுவேன். நான் சொன்னது பொய்தான். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை. கடிதத்தில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அக்டோபரில் விடுமுறை கிடைக்கும், நேரில் வந்து சொல்கிறேன். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டே இரு, ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே.

சிராய்

செப்டம்பர் 25

சிராய்க்கு,

நீ அக்டோபர் வரை காத்திருக்கச் சொன்னாய். என்னால் முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் அங்கே வந்தேன். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இப்போது நானே சொல்கிறேன்.

பகல் பதினொரு மணிக்கு வந்தேன். நீ ஆபீசில் இருப்பாய் என்று தெரிந்துதான் அந்த நேரம். எதிர்ப்பக்க நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றேன். சும்மா எப்படி உள்ளே போவது? அதற்காகவே கையில் ஒரு போர்வை கொண்டு வந்திருந்தேன், வெளுக்கப் போடுவது போல. உன் அம்மாவின் மூளை அவ்வளவுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள். நீ எழுதியது போலத்தான் இருந்தாள், இன்னும் கொஞ்சம் களைப்பாக.

"எப்ப வேணும்?" என்றாள்.

"அவசரமில்ல."

"பேரு சொல்லுங்க, சீட்டு எழுதணும்."

நான் போர்வையை மேசைமேல் தள்ளினேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல், மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பாலிஷ் கறை எந்தச் சோப்புக்கும் போகாது, உனக்குத் தெரியும். பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க சிராயோட அம்மா. உள்ள வாங்க."

"உள்ள வர்றதுக்கு நான் வரல. அவர் எங்க? அவரைக் கூப்பிடு. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

"அவ உங்ககிட்ட சொல்லலையா?"

"எதை?"

"அவர் போயி ஒன்றரை வருஷமாச்சு."

"போயின்னா?" என்றேன்.

"செத்தெல்லாம் போகல. போயிட்டார். உங்க வீட்டுலேர்ந்து போன மாதிரி."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ரயில் போன நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"சொல்லிட்டுப் போனாரா?"

"கடையில பல்பு போயிடுச்சு, வாங்கிட்டு வர்றேன்னார்."

"என்கிட்ட புது வார்னிஷ் டப்பா கொண்டு வர்றேன்னார்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சிராய், உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஒரு ஆள் சட்டை வாங்க வந்தவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

அப்புறம்தான் கோபம் வந்தது. "அவர் இல்லாத வீட்டுக்கு என் பொண்ணை எதுக்குக் கூப்பிட்ட?"

"லெட்டர் அவர் பேருக்கு வந்துச்சு. பிரிச்சது தப்புதான். 'அப்பா, ரெண்டு மாசம் மட்டும்'னு எழுதியிருந்தா. அவர் இல்லன்னு ஒரு சின்னப் பொண்ணுக்கு நான் எப்படிக்கா எழுதுவேன்? வந்தன்னிக்கே உக்கார வச்சு உள்ளதைச் சொல்லிட்டேன். உடனே கிளம்பிடுவான்னுதான் நினைச்சேன். ஒரு ரூம் சும்மாதான் கிடக்குது, இருக்கியான்னு கேட்டேன்."

"உன் ரூம் சும்மா கிடந்தா, என் பொண்ணுதான் கிடைச்சாளா?"

அவள் சீட்டுக் கட்டை மூடி வைத்தாள். நான் திரும்பிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். வாசல் பக்கக் கம்பியில் இஸ்திரி போட்ட துணிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் எண் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. உன் நீலச் சட்டையில் மட்டும் சீட்டு இல்லை. வீட்டுத் துணிக்குச் சீட்டு எதற்கு?

பஸ்ஸில் ஏறியதும் முதலில் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். அவளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார், நன்றாக வேண்டும் என்று இருந்தது. நாலு நிறுத்தம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் தாங்கியது. அப்புறம் ஒன்று புரிந்தது. பதினாலு வருஷமாக நைஸாகப் பேசி மயக்கினது அவள் என்று நினைத்திருந்தேன். பேசினவர் அவர். எங்கள் இரண்டு பேரிடமும் அவரே பேசினார். அவளுக்குப் பேசவே வராது. துவைக்கிற துணி இருக்கா என்று கேட்கிறவள்.

ஆனால் எரிச்சல் குறையவில்லை, கூடிவிட்டது. நீ அப்பாவுக்காக அங்கே இருக்கிறாய் என்று நினைத்தபோது ஒரு சமாதானம் இருந்தது. ரத்தம், இழுக்கும். இப்போது அவர் இல்லை. அவளுக்காகவே இருக்கிறாய். அதற்கு நான் என்ன சமாதானம் சொல்லிக்கொள்வது?

போர்வையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா

அக்டோபர் 3

அன்புள்ள அம்மா,

நான் ஆபீசிலிருந்து வந்தபோது போர்வை மடித்து என் கட்டிலில் இருந்தது. "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்கள் சித்தி. அது என்னுடைய போர்வை என்பது எனக்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை. நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

அப்பா இல்லை என்று ஏன் சொல்லவில்லை? இரண்டு பயம். தெரிந்தால் உடனே வரச் சொல்வாய். இன்னொன்று, நீ சந்தோஷப்படுவாய். நீ சந்தோஷப்படுகிற அந்த முகத்தை எனக்குப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. நாலு நிறுத்தத்தோடு அது முடிந்தது என்று எழுதினாயே, அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன்.

முதல் நாள் அவர்கள் எல்லாம் சொல்லி முடித்ததும் நான், "நீங்க ரொம்ப நைஸ்" என்றேன். "நைஸ் எல்லாம் இல்லம்மா. நான் முட்டாள்" என்றார்கள். பிறகு ஆபீசில் பெரிய அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லுக்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னால் அதுதான் அர்த்தமாம். ஒன்றும் தெரியாதவர், ஏமாளி. அதிலிருந்து ஆரம்பித்துக் கூச்சக்காரர் ஆகி, நுணுக்கம் ஆகி, கடைசியில்தான் நல்லவர் ஆகியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அவர்கள் ஞாபகம் மட்டும் வரவில்லை, அம்மா. உன் ஞாபகமும் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளை நம்பியவர்கள்.

இப்போது சொல்லப்போவது உனக்கு வலிக்கும். வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். சித்திக்குப் பித்தப்பையில் கல். வரும் பதினேழாம் தேதி ஆபரேஷன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்கு யாரும் இல்லை. "கணவர்" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் "நோயாளிக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

மகள் என்று எழுதினேன்.

உன் சிராய்

அக்டோபர் 8

சிராய்க்கு,

கடிதம் கிடைத்தது. பட்டறையில் வேலை அதிகம்.

அம்மா

அக்டோபர் 25

என் அன்புச் சிராய்க்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். ஆறு நாள் இல்லாததற்கு முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தூக்கட்டும், எனக்கு அந்தக் கனம் தெரியாது.

பதினேழாம் தேதி காலையில் பையோடு ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் நீ அழுதுவிட்டாய். அப்போது பேச முடியவில்லை. ஏன் வந்தேன் என்று நீயும் கேட்கவில்லை. உன் சிவப்பு மை ஒரு நாள்தான் விடுப்புக் கொடுத்தார் என்று ஃபோனில் நீ சொன்னபோது, பகலில் அவள் பக்கத்தில் யார் என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அவளுக்காக வந்தேன் என்று நினைக்காதே. நீ ஆபீசில் உட்கார்ந்து ஆஸ்பத்திரியையே நினைத்துக்கொண்டிருப்பாயே, அதற்காக வந்தேன். ஐந்து நாள் அவளும் நானும் அதிகம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, டாக்டர் வந்தாரா. மற்ற நேரத்தில் அவள் சுவரைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நீ இல்லாதபோது நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் புது நர்ஸ் ஒருத்தி வந்தாள், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"நீங்க யாரு இவங்களுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டிருக்கே ஒரு பொண்ணு, அவளோட அம்மா."

அவள் படிவத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "அப்ப இவங்க யாரு? மகள்னு போட்டிருக்கே."

நான் பதில் தேடுவதற்குள் கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. எழுந்துகூட உட்கார முடியாதவள், அவசர அவசரமாகச் சொன்னாள்: "அது தப்பா எழுதிட்டா சிஸ்டர். அந்தப் பொண்ணு எங்க வீட்டுல குடியிருக்கா. அவ்வளவுதான். அடிச்சுட்டு மாத்தி எழுதிக்குங்க."

அவள் எனக்காகச் சொன்னாள். என் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு வாரமாக நான் மனதுக்குள் கேட்டு அழுதது அதைத்தானே? வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். நர்ஸ் பேனாவை எடுத்துவிட்டாள்.

"இருங்க" என்றேன். "குடியிருக்கிற வீட்டுக்காரங்களுக்கு யாராவது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவாங்களா? என் பொண்ணு யோசிக்காம எதையும் எழுத மாட்டா. என்ன எழுதியிருக்காளோ அதுதான். அடிக்காதீங்க."

"அப்ப ரெண்டு பேரும் அம்மாவா?" என்றாள் நர்ஸ்.

"உங்களுக்கு என்ன வேணும், மாத்திரை குடுக்கணுமா? குடுத்துட்டுப் போங்க" என்றேன்.

நர்ஸ் போய்விட்டாள். கட்டிலில் இருந்தவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. தையல் பிரிந்துவிடப் போகிறது என்று ஒரு அதட்டல் போட்டேன். வராண்டாவுக்குப் போய் நின்று நானும் கொஞ்சம் அழுதேன். நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவெல்லாம் இல்லை. என் பெட்டியைத் திறந்து நானே ஒரு நகையை எடுத்து இன்னொருத்தி கழுத்தில் போட்ட மாதிரி இருந்தது.

அதனால், சிராய், எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. நேற்றுக்கூட நீ அவளுக்குத் தலை வாரிவிட்டது கண்ணில் வந்து நின்றது. எனக்கு நீ தலை வாரிவிட்டதே கிடையாது. எனக்குக் கை நன்றாக இருந்ததால் உனக்கு அந்த வேலை வரவில்லை, தெரியும். தெரிந்தாலும் எரிகிறது.

நீ அங்கேயே இரு. விடுதிக்குப் போக வேண்டாம். அவள் கொஞ்ச நாளைக்குக் கனமான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கக் கூடாது, பார்த்துக்கொள்.

எனக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். முழு ஞாயிறு. தனியாக வர வேண்டும். அன்றைக்கு நானாகக் கேட்கும் வரை அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இந்த ஞாயிறு காலை வண்டிக்கு நிலையத்தில் நிற்பேன். நீ வண்டியை விட்டு இறங்குவதற்குள் கேட்டுவிடாமல் இருக்கப் பார்க்கிறேன்.

உன் அம்மா